இடித்துரைப்போரைக் காப்பது ஊரின் கடமை

மழைக்காலத்து இரவில் ஏரிக்கரைமேல் நடந்து செல்லும் ஒருவர், கரையின் அடியில் நண்டுவளை வழியாக நீர் கசிவதைக் காண்கிறார். உடனே ஊருக்குள் ஓடிவந்து கூக்குரல் எழுப்புகிறார். உறங்கிக்கொண்டிருந்த ஊர் விழித்தெழுந்து, மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடுகிறது. "அந்த நேரத்தில் நீ ஏன் அங்கே போனாய்? உன்னைத் தூண்டிவிட்டவர் யார்?" என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை. கசிவைக் கண்டு சொன்னவர் ஊருக்கு உதவி செய்தவர் என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே நாம் அறிவோம்.

ஆனால் கசிவது நீராக இல்லாமல் பொதுப்பணமாக இருக்கும்போது நம்முடைய வழக்கம் மாறிவிடுகிறது. கசிவை விட்டுவிட்டு, கண்டு சொன்னவரையே விசாரிக்கத் தொடங்குகிறோம். அவருக்கும் தலைவருக்கும் பழம்பகை உண்டா, அவர் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்று ஆராய்கிறோம். ஊரோடு ஒத்து வாழும்படி அவருக்கு அறிவுரையும் கூறுகிறோம். இவ்வாறு ஒருவர் வாய் அடைக்கப்படுவதைக் கண்டபின் அடுத்தவர் வாய் திறப்பாரா? ஆகவே, முறைகேட்டை எடுத்துரைப்போரைக் காக்கும் வழிகளை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் ஆராய்ந்தறிதல் மிகவும் இன்றியமையாததாகும்.

பணம் கசியும் இடங்கள்

ஊராட்சிப் பணிகளில் முறைகேடு எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் காண்போம். வேலைக்கு வந்தோர் பட்டியலில், வெளியூர் சென்று பிழைப்பவர் பெயரும் ஏறிவிடுகிறது. சில வேளைகளில் இறந்துபோனவர் பெயரும் இடம் பெறுகிறது. ஏரியை ஒரு மீட்டர் ஆழம் தூர்வாரியதாக அளவுப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. உண்மையில் வெட்டியதோ அதில் பாதி. ஒரு மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் பின்பு யார் அளக்க முடியும்? சிறுபாலத்தில் சிமெண்டு குறைந்து மணல் மிகுகிறது. மேற்பூச்சு அதை மறைத்துவிடுகிறது. சென்ற ஆண்டு முடிந்த வேலைக்கே புதுப்பெயர் சூட்டி மீண்டும் ஒருமுறை பில் எழுதுவதும் உண்டு.

இவற்றையெல்லாம் தணிக்கை கண்டுபிடிக்காதா என்று கேட்கலாம். தணிக்கை செய்பவர் பெரும்பாலும் தாள்களைப் பார்க்கிறார். பட்டியலும் பற்றுச்சீட்டும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால் அவர் நிறைவடைய வேண்டியதுதான். உள்ளே எத்தனை மூட்டை சிமெண்டு போயிற்று என்பதை அறிந்தவர்கள் கொத்தனாரும், சித்தாளும், லாரி ஓட்டுநரும், கணக்கு எழுதும் எழுத்தரும், இளம் பொறியாளருமே ஆவர்.

உண்மை அறிந்த இவர்களே வலுவற்றவர்களாகவும் இருக்கின்றனர் என்பதுதான் இதில் உள்ள பெரிய இடர்ப்பாடு. சித்தாளின் கூலியும், எழுத்தரின் இடமாற்றமும், சிறு விவசாயியின் நீர்முறையும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களைப் பற்றியே இவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதலின், இவர்களைக் காப்பது தனிமனிதருக்குக் காட்டும் இரக்கம் அன்று. நம் சாலையையும் ஏரியையும் காப்பதேயாகும்.

ஒரு பொறியாளரின் கடிதம்

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் ஏறத்தாழ 5,846 கிலோமீட்டர் நீளமுடையது. அத்திட்டத்தில் பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் பணியாற்றியவர் சத்யேந்திர துபே என்னும் பொறியாளர். பீகார் மாநிலம் சிவான் மாவட்டத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டடப் பொறியியல் பயின்றவர். தரம் குறைந்த சாலைப் பகுதியில் ஆறு கிலோமீட்டர் தொலைவை ஒப்பந்தக்காரர் மீண்டும் போடும்படி செய்தவர் அவர்.

பெரிய ஒப்பந்தங்கள் திறமையற்ற சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் கைமாற்றி விடப்படுவதையும், அதனால் சாலையின் தரம் கெடுவதையும் கண்ட துபே, 2002ஆம் ஆண்டு நவம்பரில் பிரதமருக்கு நேரே கடிதம் எழுதினார். பெயரில்லாத கடிதத்தை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று கருதித் தம்மைப் பற்றிய விவரங்களையும் தனியே இணைத்தார். தம் பெயரை மறைவாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். ஆனால் அக்கடிதம் அவருடைய விவரங்களோடு அலுவலகம் விட்டு அலுவலகம் சென்றது.

2003ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் விடியற்காலையில், ரெயிலில் கயா வந்து இறங்கி வீடு திரும்பும் வழியில் துபே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. இவ்வழக்கில் 2010ஆம் ஆண்டில் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. கொள்ளையின்போது நிகழ்ந்த கொலை என்று புலனாய்வில் கூறப்பட்டது. குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. கொலையின் நோக்கம் பற்றிய வாதம் எவ்வாறாயினும், பெயரை மறைக்குமாறு வேண்டியவரின் பெயர் மறைக்கப்படவில்லை என்பது மறுக்க இயலாத உண்மை. கடிதத்தை ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு அனுப்பியவர்கள் அவருக்குத் தீங்கு நினைத்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. வழக்கம்போல் குறிப்பெழுதி அனுப்பியிருக்கலாம். அந்த வழக்கமே ஆபத்து என்பதுதான் நாம் இதிலிருந்து கற்க வேண்டிய முதற் பாடம்.

பின்னர் வந்த விதிகள்

இக்கொலை பற்றிய வழக்கை உச்சநீதிமன்றம் விசாரித்ததன் விளைவாக, 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மத்திய அரசு ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. அதன்படி, மத்திய அரசு ஊழியர்களையும் மத்திய அரசு நிறுவனங்களையும் பற்றிய புகார்களை மத்திய கண்காணிப்பு ஆணையம் பெற்று, எழுதியவர் பெயரை மறைத்து விசாரிக்கச் செய்யும். புகாரை மூடி ஒட்டிய உறையில் அனுப்ப வேண்டும்; அனுப்புநர் பெயர் உறையின்மேல் இருத்தலாகாது, உள்ளே இருத்தல் வேண்டும். மாநில அரசு ஊழியர்கள் பற்றிய புகார்கள் இத்தீர்மானத்தில் அடங்கமாட்டா.

இதன்பின், முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. வேண்டுமென்றே பொய்ப்புகார் கொடுப்பவருக்கு அச்சட்டம் விதிக்கும் சிறை இரண்டு ஆண்டுகள் வரை; புகார் கொடுத்தவர் பெயரை வெளிவிடுபவருக்கோ மூன்று ஆண்டுகள் வரை. எக்குற்றத்தைப் பெரிதென்று சட்டம் கருதுகிறது என்பது இதனால் விளங்கும். ஆயினும், சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை பத்தாண்டுகள் கடந்தும் வரவில்லை. எனவே, சட்டம் நம்மைக் காக்கும் என்று வாளாவிருத்தல் பொருந்தாது.

உழவர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு விதியும் உண்டு. 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கையூட்டுக் கொடுப்பதும் குற்றமே. ஆனால், வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்துவிட்டால் அவர் குற்றவாளியாகார். முன்னதாகவே தெரிவித்து, குற்றவாளியைப் பிடிப்பதற்காகக் கொடுப்பவரும் குற்றவாளியாகார். நம் மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை இத்தகைய புகார்களைப் பெறுகிறது.

பெயரைக் காத்தல்

ஊராட்சித் தலைவரிடமோ உறுப்பினரிடமோ ஒருவர் வந்து முறைகேடு ஒன்றைச் சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, அவர் பெயர் கேட்டவர் ஒருவரோடு நிற்க வேண்டும். இரண்டாவதாக, புகாரை அப்படியே மேலே அனுப்பாமல், செய்தியை மட்டும் வேறு தாளில் எழுதி அனுப்ப வேண்டும். சிற்றூரில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். மூன்றாவதாக, யார்மீது புகாரோ அவரிடமே அதனை "விளக்கத்துக்காக" அனுப்பலாகாது. நான்காவதாக, ஒரு பணியை மட்டும் பார்வையிட்டால் யார் சொன்னார் என்பது எளிதில் புலப்படும். ஆதலால் நான்கைந்து பணிகளைச் சேர்த்தே பார்வையிட ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்தாவதாக, புகாருக்குப் பின் சில மாதங்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும். அவருக்கு வேலை மறுக்கப்படுகிறதா, நீர்முறை தள்ளிப்போகிறதா, காரணமின்றி இடமாற்றம் வருகிறதா என்பதைக் கவனித்தல் வேண்டும். பழிவாங்குதல் பெரும்பாலும் அரிவாளோடு வருவதில்லை. விண்ணப்பம் காணாமற்போவதாகவே வருகிறது.

பொய்ப்புகாரும் உண்டே என்று சிலர் கூறுவர், உண்மைதான். ஆனால் புகார் பொய்யா மெய்யா என்பதை அளவுகோலும் பற்றுச்சீட்டும் கொண்டு தீர்க்கலாம்; அதற்குச் சொன்னவர் பெயர் தேவையில்லை. தூர்வாரிய ஆழத்தை அளந்து பார்த்தால் பழி சுமத்தப்பட்ட நல்லவரும் விடுபடுவார்.

பெயரை மறைக்க இயலாதபோது

பதவியின் கடமையாகவே புகார் கொடுக்க வேண்டியவர்களும் இருக்கின்றனர். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் அத்தகையவர். ஆற்று மணல் திருட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்த அவர், 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவருக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை விரைவில் வந்தது நன்றே. எனினும், ஊரின் ஆற்றைக் காக்கும் பொறுப்பு ஒரே மனிதரின் தோளில் விடப்பட்டால் அவரை மட்டும் அகற்றினால் போதும் என்று தீயோர் எண்ணுவர். பலரும் சேர்ந்து கையொப்பமிட்டுக் கேட்கும்போது அந்த எண்ணத்துக்கு இடமில்லாமற் போகிறது.

மத்திய தகவல் ஆணையம் 2011ஆம் ஆண்டில் இக்கருத்தையொட்டியே ஒரு முடிவு செய்தது. தகவல் கேட்டவர் தாக்கப்பட்டாலோ கொல்லப்பட்டாலோ, அவர் கேட்டிருந்த தகவலைத் துறையினர் தாமாகவே எல்லாரும் காணும்படி வெளியிட ஆணையிடலாம் என்பதே அது. கேட்டவரை ஒழித்தாலும் கேள்வி ஒழியாது என்று ஆனால், ஒழிப்பதால் பயன் இல்லையன்றோ?

கணக்கைத் திறந்து வைத்தல்

எல்லாவற்றினும் சிறந்த காப்பு, கணக்கைத் திறந்து வைத்தலேயாகும். கணக்கு எல்லார் கண்ணிலும் படுமானால் தனியொருவர் துணிந்து சொல்ல வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவராக்கியது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் ஊர்ச்சபை கற்ற பாடம் இது.

நம் காலத்தில் ராஜஸ்தான் மாநிலத்துச் சிற்றூர் மக்கள் இதனையே புதிதாகச் செய்து காட்டினர். பாலி மாவட்டம் கோட் கிரானாவில் 1994ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், உழவர்களும் தொழிலாளரும் அமைத்த ஒரு சங்கம் மக்கள் விசாரணைக் கூட்டம் ஒன்றை நடத்தியது. வேலைப் பட்டியல்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஊரார் நடுவில் உரக்க வாசிப்பதும், அவை மெய்யா என்று பெயருள்ளவரையே கேட்பதும் இக்கூட்டங்களின் முறை. எழுதப் படிக்கத் தெரியாதவரும், "அந்நாளில் நான் வேலைக்கு வரவில்லை" என்று சொல்ல முடிந்தது. 1996ஆம் ஆண்டில் பியாவர் நகரில் நாற்பது நாட்கள் அறப்போராட்டம் நிகழ்ந்தது. இம்முயற்சிகளின் பயனாக வளர்ந்த கோரிக்கையே 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டமாகும்.

நம் மாநிலத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டுமென்று 2022ஆம் ஆண்டில் வகை செய்யப்பட்டது. அக்கூட்டத்தில் செலவுத் தொகையை மட்டும் வாசித்து முடித்துவிடாமல், வேலைக்கு வந்தோர் பெயர்களையும், சிமெண்டு மூட்டைகளின் எண்ணிக்கையையும், சாலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றையும் வாசித்தல் நலம். அவற்றையே வேலை நடக்கும் இடத்தில் பலகையில் எழுதி வைத்தால் வழிப்போக்கரும் அளந்து பார்ப்பர். தகவல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிவந்தால், ஒருவர் கேட்பதைவிடத் தெருவுக்கு ஒருவராகப் பத்துப் பேர் கேட்பது பாதுகாப்பானது. நேர்மையான தலைவருக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை; வதந்தியிலிருந்து அவரைக் காப்பதும் இதுவே.

ஊராட்சிக் கூட்டத்தில் ஆராய வேண்டியவை

1. சென்ற ஆண்டு நம் ஊரில் முடிந்த பணிகளின் அளவுகள் ஊரார் அறியும்படி எழுதி வைக்கப்பட்டனவா?

2. நம் ஊராட்சிக்கு வரும் புகார் எத்தனை கைகள் வழியாகச் செல்கிறது? அவற்றுள் எத்தனை கைகளுக்குப் பெயர் தெரிய வேண்டியது உண்மையிலேயே தேவை?

3. நம் ஊரில் கடைசியாகக் கணக்குக் கேட்டவர் யார்? அதன் பின்னர் அவருக்கு என்ன நேர்ந்தது? அப்போது நாம் எங்கே இருந்தோம்?