ரொட்டியில் ஒரு கறுப்பு, மூக்கில் ஒரு கறுப்பு

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு ரொட்டித் துண்டின் மேல் சிறிது தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் ஜன்னலோரம் திறந்து வையுங்கள். பிறகு அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, இருட்டான மூலையில் வைத்துவிடுங்கள். நீங்கள் கைலாசபுரத்தில் குடியிருந்தாலும் சரி, ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை ஓரம் குடியிருந்தாலும் சரி, சில நாட்களில் ரொட்டியின் மேல் பஞ்சு போன்ற வெண்மையான இழைகள் படரும். பின்னர் அந்த இழைகளின் நுனியில் குண்டூசித் தலைபோலக் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். புட்டியைத் திறக்காமல், வெளியிலிருந்தே பாருங்கள்.

இந்தப் பூஞ்சையை யார் விதைத்தார்கள்? காற்றுதான்! ரைசோபஸ் எனப்படும் ரொட்டிப் பூஞ்சை மண்ணிலும், எருக்குழியிலும், அழுகிய பழத்திலும், மக்கிய வைக்கோலிலும் வாழ்கிறது. நீங்கள் கண்ட கறுப்புத் தலை ஒவ்வொன்றும் ஒரு பை. அதனுள் ஏராளமான சிதல்கள் (பூஞ்சையின் வித்துகள்) இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு சிதல்களை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. திருச்சியில் ஆடிக் காற்று புழுதியை வாரி வீசும்போது அவையும் சேர்ந்து பறக்கின்றன. நாம் எல்லோரும் அவற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்படியானால் நமக்கு ஏன் நோய் வருவதில்லை?

காவலர்கள் தளரும்போது

நம் மூக்கின் சளிப்படலம் சிதல்களைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. தப்பி உள்ளே செல்பவற்றை இரத்தத்தின் வெள்ளணுக்கள் அழித்துவிடுகின்றன. இந்தக் காவல் தளர்ந்தால்தான் ஆபத்து.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவரின் உடலில் மூன்று கேடுகள் ஒன்றுசேர்கின்றன. சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் சுறுசுறுப்பை இழக்கின்றன. அந்தச் சர்க்கரை பூஞ்சைக்கு உணவாகிறது. நீரிழிவு முற்றி இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும்போது, புரதத்துடன் பிணைந்திருக்கும் இரும்பு விடுபடுகிறது. பூஞ்சை வளர இரும்பு மிகவும் தேவை. கதவும் திறந்திருக்கிறது, விருந்தும் காத்திருக்கிறது!

2021-ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாவது அலையின்போது நம் நாட்டில் இதுதான் நடந்தது. மூச்சுத்திணறிய நோயாளிகளைக் காப்பாற்ற ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டது. அது உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும், எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும். தேவையில்லாதபோதும், அளவுக்கு மீறியும் பயன்படுத்தினால் அதுவே எதிரிக்குத் துணை. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் மத்திய அரசு தந்த கணக்கின்படி 40,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டது. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் நீரிழிவு உள்ளவர்கள். தமிழ்நாட்டில் மே மாதத்திலேயே இது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது.

இந்நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். மக்கள் அதைக் 'கறுப்புப் பூஞ்சை' என்றார்கள். அது புதிய நோயன்று. 1885-லேயே பால்டாஃப் என்ற மருத்துவ அறிஞர் இதை விவரித்திருக்கிறார்.

எது கறுப்பு?

இங்கேதான் ஒரு குழப்பம். ரொட்டியில் கண்ட கறுப்பு, சிதல்பையின் நிறம். நோயாளியிடம் காணும் கறுப்பு பூஞ்சையின் நிறமே அன்று!

சிதல் மூக்கினுள் முளைத்ததும், அதன் இழைகள் இரத்தக்குழாய்களின் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. அங்கே இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. வாய்க்காலை அடைத்தால் கடைமடைப் பயிர் கருகுவதுபோல, இரத்தம் கிடைக்காத சதை மடிந்து கறுக்கிறது. இன்னொரு தொல்லை: இரத்தம் வழியாகத்தானே மருந்தும் செல்லவேண்டும்? அடைபட்ட பகுதிக்கு மருந்தும் போய்ச் சேராது. ஆகவேதான் மடிந்த சதையை அறுவை செய்து அகற்றுவது அவசியமாகிறது.

நோய் செல்லும் வழி

முகத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் சைனஸ் என்னும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் கீழே மேல்தாடையும் அண்ணமும், பக்கத்தில் கண்குழி, அதற்கும் அப்பால் மூளை. நோயும் இந்த வழியிலேயே பரவுகிறது. அடையாளங்களும் அதையொட்டியே தோன்றுகின்றன.

மூக்கில்: அடைப்பு, இரத்தம் கலந்த அல்லது கறுப்பான ஒழுக்கு.

முகத்தில்: பெரும்பாலும் ஒரு பக்கமாக வலி, வீக்கம், மரத்துப்போதல்.

வாயில்: மேல்பற்கள் ஆடுதல், அண்ணத்தில் கறுத்த புண்.

கண்ணில்: வலி, இமை தொங்குதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல்.

மூளையை எட்டிவிட்டால் மயக்கமும் வலிப்பும் வரலாம். சிலருக்கு நுரையீரலில் தொடங்கி, காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, இரத்தம் கலந்த சளி ஆகியவை தோன்றுவதும் உண்டு.

சாதாரண ஜலதோஷத்திலும் மூக்கு அடைக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நீரிழிவு உள்ளவருக்கு மூக்கடைப்புடன் ஒரு பக்க முகவலியோ, கண்வீக்கமோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது கண்ணையோ உயிரையோ விலையாகக் கேட்கலாம்.

அங்கே மூக்கின் உட்பகுதியிலிருந்து சிறு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாடாபோல் அகன்று, ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள் தெரிந்தால் நோய் உறுதி. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, மடிந்த சதையை நீக்குவது, ஆம்போடெரிசின்-பி மருந்து செலுத்துவது என்று மூன்றும் சேர்ந்ததே சிகிச்சை. அம்மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, கண்காணித்தே தருவார்கள். இதில் ஒரு விந்தை: மண்ணில் வாழும் பூஞ்சையை எதிர்க்கும் இம்மருந்தைத் தருவதும் ஒரு மண்வாழ் நுண்ணுயிரியே!

நீங்கள் செய்யக்கூடியது

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நோயுற்றவரை ஒதுக்கிவைப்பது அறியாமை. உங்கள் தாத்தா பாட்டிக்கு நீரிழிவு இருந்தால், மாத்திரை வேளை தவறாமல் இருக்க நினைவூட்டுங்கள். ஸ்டீராய்டு மருந்தை யாரும் தாமாக வாங்கி உண்ணவோ, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ விடாதீர்கள். எருவையும் ஈர மண்ணையும் கிளறும்போது அவர்கள் முகக்கவசம் அணியட்டும்.

சிந்தியுங்கள்: ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதேன்? விடை இக்கட்டுரையிலேயே இருக்கிறது. அதை இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.