ஈரக் கையில் ஒட்டுமா?

காயத்தை மூடும் பசை செய்யப்போகிறோம் என்று பேராதனைக்கும் கொழும்புக்கும் படிக்கப் போகிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, டிக்கோயாப் பக்கத்து டிஸ்பென்சரியில் காயம் கட்டியே நரைத்த ஒருவன் சொல்வது.

1. யாருடைய தோலுக்கு என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஜூன், ஜூலை மழையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கையைப் பாருங்கள். விரல்நுனி ஊறி வெளிறியிருக்கும். ஆள்காட்டி விரலின் ஓரத்து வெடிப்பில் தேயிலைக் கறை கறுத்து ஏறியிருக்கும். அதில் ஒட்டிய பிளாஸ்டர் முதல் கூடை நிறையும்வரை நிற்பதில்லை.

2. ஏற்கெனவே இருக்கிற பசைகளைப் படியுங்கள். 1942இல் அமெரிக்கக் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது சயனோஅக்ரிலேட் கையில் அகப்பட்டது. எதைத் தொட்டாலும் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள்! பிறகு வியட்நாம் போரில் ரத்தப்போக்கை நிறுத்தத் தெளித்தார்கள். தோலுக்கான ஒக்டைல் வகைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998இல்தான். இது ஈரம் பட்டால் இறுகும்; இறுகும்போது சூடு பிறக்கும், தடிப்பாக விட்டால் சுடும். கடையில் வாங்கிய சுப்பர் குளூவை வெட்டில் பூசிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. வேண்டாம், குட்டைச் சங்கிலி வகைகள் சீக்கிரம் சிதைந்து ஃபோமல்டிஹைட்டை விடும். மருத்துவ வகையைக்கூட விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து மேலேதான் பூச வேண்டும், காயத்துக்குள் விடக்கூடாது. மடங்கி நீளும் மூட்டின்மேல் தாங்காது. கவ்வாத்துக் கத்தி மூட்டென்று பார்த்து விலகுமா?

3. அட்டையை மறக்காதீர்கள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பது அதன் எச்சிலிலுள்ள ஹிருடின் போன்ற புரதத்தால். அது ரத்தத்தை உறையவைக்கும் திரொம்பினை முடக்கிவிடும். ஃபைப்ரின் பசையோ ஃபைப்ரினோஜனும் திரொம்பினும் சேர்ந்து உறைவதை நம்பியிருப்பது. அங்கே அது தடுமாறும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் வேறு வழியில் போகிறது: நேர்மின்னேற்றம் கொண்டதால் எதிர்மின்னேற்றமுள்ள செங்குருதிக் கலங்களை இழுத்துத் திரட்டும். சிலாபத்தில் இறால் பண்ணைகள் இருக்கும்போது ஓட்டுக்கு வெளிநாடு பார்க்க வேண்டியதில்லை.

4. நத்தையிடமும் கற்கலாம். ஓடில்லாத ஒருவகை நத்தை பயந்தால் சுரக்கும் சளி, நனைந்த பரப்பிலும் விடாது. அதைப் பார்த்து 2017இல் ஹார்வர்டில் ஜியான்யு லீ, டேவிட் மூனி குழு இரண்டடுக்குப் பசை செய்தது: தோலைப் பிடிக்கக் கைட்டோசான் போன்ற நேர்மின்னேற்றப் படலம், இழுவையை வாங்கிக்கொள்ள அல்ஜினேட் கலந்த நீர்க்கூழ். ரத்தம் படிந்த இடத்திலும் ஒட்டியது. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது அடுக்குதான். ஒட்டும் இடத்தை மட்டும் பலப்படுத்தினால் பசையே நடுவில் கிழிந்துபோகும்.

5. கழற்றுவதையும் இப்போதே யோசியுங்கள். பெரும்பாலான இடங்களில் தோலின் ஆக மேலுள்ள இறந்த கலப் படை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். வயதானவர்களுக்குப் பிளாஸ்டரோடு தோலும் சேர்ந்து வரும். மும்பையில் தீக்காயத்துக்கு வாழையிலைக் கட்டைப் பரிசோதித்தவர்கள் கண்ட பெரிய நன்மை, அது புண்ணில் ஒட்டாமல் வலியின்றி வந்ததுதான். பசை செய்கிறவன் அந்த வாழையிலையை மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது.

6. பசையைச் சோதிக்கப் பன்றித்தோலில் இழுவிசை அளக்கும்முன் தோலை ஒரு பகல் தண்ணீரில் ஊறவையுங்கள், பலமுறை மடக்கி நீட்டுங்கள். காய்ந்த தோலில் வரும் எண் கட்டுரைக்கு அழகு, அவ்வளவுதான்.

7. மனிதர்மேல் பரிசோதிக்கும் நாள் வரும். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த, 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை டிக்கோயாவிலேயே இருக்கிறது, அங்கேயே கேட்கலாம். ஆனால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எங்கள் பெண்களின் கையில் ஒரு துளியும் பூசாதீர்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்தைத் துரை மூலமோ கங்காணி மூலமோ வாங்காதீர்கள். அவர்கள் முன்னால் நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது.