மாநகரும் மாணாக்கரும்

கடல் கடந்து கற்கச் செல்லும் மாணாக்கர் பலர் பெருநகர்களையே நாடுகின்றனர். சிறு நகர்ப் பல்கலைக்கழகங்களிலும் சிறந்த ஆசிரியர் உளர். ஆங்குச் செலவும் குறைவு. அவ்வாறிருந்தும், பல இன மக்கள் கூடிவாழும் மாநகர் மாணவர் உள்ளத்தைக் கவர்வது யாது பற்றி? இலண்டனை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, திறந்த வாயில். ஆங்கிலத் திருச்சபையைச் சாராதார்க்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பட்டங்கள் எட்டாதிருந்த காலத்தில், சமய வேறுபாடு பாராது மாணவரை ஏற்கும் யூனிவர்சிற்றிக் கல்லூரி 1826 இல் இலண்டனில் தோன்றியது. 1863 இல் யப்பானிலிருந்து அரசின் தடையை மீறி மறைவாக வந்த இளைஞர் ஐவர்க்கு அக்கல்லூரி இடமளித்தது. அவருள் ஒருவரான இத்தோ ஹிரோபுமி 1885 இல் யப்பானின் முதற் பிரதமரானார். சைவப் பிள்ளைகள் தம் சமயம் துறவாது ஆங்கிலக் கல்வி பெறுதற்கு எழுந்த கல்லூரியிற் பயின்ற நமக்கு அவ்வாயிலின் அருமை நன்கு விளங்கும்.

இரண்டாவது, அந்நியமின்மை. 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலண்டன் மக்கள் ஏறக்குறைய 88 இலட்சம். அவருட் பத்தில் நால்வர் பிறநாடுகளிற் பிறந்தோர். ஆங்குப் புதிதாய் வந்த மாணவனை எவரும் வியந்து நோக்குவதில்லை. ஈஸ்ற் ஹாமில் தமிழர் கடைகளும், ஹைகேற்றில் முருகன் கோயிலும் உள.

மூன்றாவது, வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் கல்வி. 1759 இல் திறக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலையைக் கட்டணமின்றிக் காணலாம். சட்டம் பயில்வோர் நீதிமன்றங்களிற் பொதுமக்களோடு அமர்ந்து விசாரணைகளைக் கேட்கலாம்.

இவற்றிற்கு விலையும் உண்டு. அயல்நாட்டு மாணவரின் கட்டணம் உள்நாட்டாரதினும் மிக அதிகம். இலண்டனிற் பயில்வோர், பிற இடங்களிற் பயில்வோரினும் கூடிய தொகை தம் கையிருப்பில் உள்ளதென விசாவுக்குக் காட்டல் வேண்டும். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் ஊதியத்துக்கு உழைத்தலாகாது. ஆதலின், பகுதிநேர வேலையை நம்பிக் காணியை ஈடுவைத்துச் செல்லுதல், கடலைக் கட்டுமரத்தாற் கடக்க முயல்வதை ஒக்கும்.

பணத்தினும் பெரிய இழப்பொன்று உண்டு. தம்மவரோடே உண்டு, தம்மவரோடே உறைந்து, பட்டத்தோடு மீள்வோர் ஊரை விட்டுச் சென்றும் ஊரைக் கடவாதவரே. 1888 இல் சட்டம் பயிலச் சென்ற காந்தியடிகள் ஆங்குள்ள மரக்கறியுணவாளர் சங்கத்திற் சேர்ந்து ஆங்கிலேயரோடு கலந்து பழகினார். பிரமஞான சபையைச் சார்ந்த நண்பர் இருவர் அழைத்தமையாலேயே பகவத்கீதையை முதன்முதலாக ஆங்குப் படித்தார். தம் நாட்டு நூலின் பெருமையைப் பிறர் நட்பின் வாயிலாக உணர்ந்தார்.

பல இன மக்கள் வாழும் மாநகரின் உண்மைக் கவர்ச்சி இதுவே: பிறரை அறிதற்கும், அதனால் நம்மை அறிதற்கும் அஃது இடந்தருகின்றது. அந்நகர்க்குச் செல்ல விழையும் இளைய மாணாக்கர் செலவைக் கணக்கிடுவதோடு, யாருடன் பழகப் போகின்றோம் என்பதையும் எண்ணிச் செல்வாராக.