உத்தரவாதச் சீட்டைப் படிப்போம்

நம் பாட்டியர் காலத்தில் ஓர் ஆட்டுக்கல் வாங்கினால் அது பேத்தி காலம்வரை உழைத்தது. அதற்குச் சீட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. இன்றோ மிக்சி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் என எத்தனையோ பொறிகள் நம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. செய்தவரின் வாக்கையும் விற்பவரின் வாக்கையும் நம்பியே வாங்குகிறோம். அந்த வாக்கை எழுத்தில் தருவதுதான் உத்தரவாதச் சீட்டு.

என் தாயார் இட்லி மாவு அரைத்து விற்பவர்கள். மாதந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு கிரைண்டர் வாங்கினார்கள். எட்டாம் மாதம் மோட்டார் கருகி நின்றுவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினோம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதியும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. பில் எங்கே?" என்றார். பில் இல்லை. வாங்கிய அன்று, "பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று சொன்னவரும் அவரே. மகிழ்ந்து தலையசைத்தவர்களும் நாங்களே! காயில் கட்டக் கைப்பணம் போயிற்று. வேலை நின்ற நாட்களில் வாடிக்கையும் போயிற்று. "அப்படியானால் அட்டையில் அச்சடித்திருப்பதெல்லாம் எதற்கு?" என்று அம்மா கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

காரண்டியும் வாரண்டியும்

கடைத்தெருவில் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். பழுதான பொருளுக்குப் பதில் புதியது தருவது காரண்டி என்றும், கட்டணமின்றிப் பழுது பார்த்துத் தருவது வாரண்டி என்றும் பொதுவாகக் கொள்வர். ஆனால் பெயரைவிடச் சீட்டின் வாசகமே முக்கியம். மோட்டாருக்கு 5 ஆண்டு என்பது பெரிய எழுத்தில் இருக்கும். மற்ற பாகங்களுக்கு 1 ஆண்டு என்பது சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே இராது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற வரியும் ஒரு மூலையில் இருக்கக்கூடும்.

சட்டம் வளர்ந்த விதம்

"வாங்குபவரே, எச்சரிக்கையாயிரும்!" என்ற பொருள்படும் பழைய இலத்தீன் தொடர் ஒன்று உண்டு. நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் இந்த அடிப்படையில் எழுந்ததே. ஆயினும் அது சில விலக்குகளைத் தந்தது. வாங்குபவர் தம் தேவையை எடுத்துச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நல்ல சட்டந்தான். ஆனால் ஒரு மிக்சிக்காக வக்கீல் வைத்து, கட்டணம் கட்டி, உரிமையியல் நீதிமன்றப் படியேற யாரால் முடியும்?

இக்குறையைப் போக்க வந்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாளையே தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். மாவட்டம், மாநிலம், தேசம் என்ற மூன்று படிகளில் தனி மன்றங்கள் அமைந்தன. வக்கீல் இன்றி நாமே வழக்கை எடுத்துரைக்க வழி பிறந்தது.

அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் புதியவை பல. பொருளை எங்கு வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் குறிப்பிடாவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. எனவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. குறையுள்ள குக்கர் வெடித்துக் காயம் பட்டால், செய்தவர் "நான் கவனத்தோடுதான் செய்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. இழப்பீடு தரக் கடமைப்பட்டவர்.

இன்னொரு மாற்றமும் தலைகாட்டியுள்ளது. தள்ளுபடி நாளில் வாங்கிய குளிர்சாதனப் பொறி, பொருத்த ஆள் வரும்வரை பெட்டியிலேயே கிடக்கும். வாரண்டி நாட்களோ வாங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடும். பொருத்திய நாளிலிருந்து கணக்கிடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. இது வேண்டுகோளே ஆதலால், நம் சீட்டில் எந்த நாள் என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அம்மாவின் கேள்விக்கு விடை

மாவு விற்பவர் நுகர்வோர் ஆவாரா என்று எனக்கு ஐயம் இருந்தது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே பொருளை வாங்குபவரும் நுகர்வோரே என்கிறது சட்டம். ஆகவே வாசல் அம்மாவுக்கும் திறந்துதான் இருந்தது. உள்ளே எடுத்துச் செல்ல எங்கள் கையில்தான் சான்று இல்லை! மேலும், பில் இன்றி வாங்கியது அரசுக்குச் சேரவேண்டிய வரியை மறைக்கத் துணைபோனதும் ஆயிற்று. பெட்டியின்மேல் அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லா வரிகளும் அடக்கம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

நாம் செய்ய வேண்டியவை

1. பில் கேட்டு வாங்குக. பொருளின் எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க.

2. உத்தரவாதச் சீட்டில் தேதி, கையொப்பம், கடை முத்திரை பெறுக. சிறிய எழுத்தைக் கடையிலேயே படிக்க.

3. பழுது நேர்ந்தால் எழுத்தில் புகார் தந்து, நகல் வைத்துக்கொள்க. முத்திரையற்ற ஆளிடம் கொடுத்துத் திறந்துவிட்டால் உரிமை கெடலாம்.

4. பயனில்லையெனில் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க.

5. அதற்கும் பலனில்லையெனில் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுக. 5 இலட்சம் ரூபாய்வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. பழுது நீக்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ ஆணையம் உத்தரவிடலாம்.

அன்புத் தோழியரே! இன்று எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பில்களும் சீட்டுகளும் அதில் அடுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் உள்ள சிறிய எழுத்துகளை அம்மாவுக்குப் படித்துச் சொல்வது என் வேலை. படிக்க நமக்குப் பள்ளி கற்றுத் தந்திருக்கிறது. அந்தப் படிப்பு நம் தாயாரின் உழைப்பைக் காக்கவும் பயன்படட்டும்!