1932இல் மலாயாவின் பெயர்

கேள்வி: இந்தியாவின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தில் மலாயாவில் பிறந்த ஒருவர் ஆடினார் என்று அப்பா சொல்கிறார். உண்மையா? (வாசகி, லெம்பா பெர்த்தாம்)

பதில்: அப்பா சொல்வது சரிதான். அவர் லால் சிங். 1909இல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர்.

1932 ஜூன் 25, லண்டன் லார்ட்ஸ் மைதானம். சி. கே. நாயுடு தலைமையில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஆட இறங்கியது. முகமது நிசார் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரின் ஸ்டம்பையும் பெயர்த்தார். அடுத்து ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கியவர் நம் லால் சிங். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்! மட்டையாலும் அவர் சும்மா இருக்கவில்லை. 15, 29 என்று எடுத்தார்; இரண்டாம் இன்னிங்ஸில் அமர் சிங்கோடு சேர்ந்து எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன். ஆனாலும் இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அவர் ஆடிய ஒரே டெஸ்டும் அதுதான்.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி அமெரிக்காவை 24-1 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. (போட்டியிட்டவை மூன்றே நாடுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த ஆரவாரத்தில் லார்ட்ஸ் ஆட்டம் பலருக்கு மறந்துபோயிற்று.

லார்ட்ஸில் ஆடிய பதினொருவரில் தமிழர் யாரும் இல்லை. மலாயாக்காரர் ஒருவர் இருந்தார். லால் சிங் 1985இல் கோலாலம்பூரிலேயே காலமானார். மலேசியப் பள்ளிப் பாடநூலில் அவருக்கு ஒரு பக்கமாவது தரலாம்.