துவையல் தவசும் நம் விடியற்காலையும்

அய்யா துணை



ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து இனிமம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களில் நாலு பேராவது நின்று ஒரு வேண்டுதலைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். மகனுக்கு அரசு வேலை கிடைக்க வேண்டும், மகள் நல்ல மார்க் எடுக்க வேண்டும், வீட்டுக்காரர் குடியை விட வேண்டும் என்று ஆளுக்கொன்று. வேண்டுதல் தவறல்ல. ஆனால் கூடவே, "நடந்தால் இன்னது செய்கிறேன்" என்று பேரம் வைக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். உண்டியலும் காணிக்கையும் பலியும் கூடாது என்று ஒதுக்கியவர் அய்யா. பணமும் ஆடு கோழியும் வாங்காதவரிடம் நாம் கொண்டுபோய்க் கொடுக்க என்ன இருக்கிறது? நம் நடத்தை ஒன்றுதான் இருக்கிறது.

அந்த நடத்தையை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது என்பதுதான் இந்த மடலின் பாடம். இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. இங்கே வண்ணார்பேட்டையில் என் தங்கை வீட்டில் நடந்ததையும், அதற்குள் நான் மாட்டிக்கொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தங்கை மகன் 2022 ஜூலையில் குரூப் 4 தேர்வு எழுதினான். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். மறு ஆண்டு மார்ச்சில் முடிவு வந்தபோது அவன் எண் பக்கத்தில்கூட வரவில்லை. ராத்திரி ஒரு மணிவரை கையில் செல்போன், காலையில் எட்டு மணிக்கு எழுப்பினால் சிடுசிடுப்பு. 2023 ஆவணியில் ஒருநாள் தாங்கலுக்கு வந்து, பள்ளியறைக் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்து சொன்னான்:

"மாமா, நாளைல இருந்து நாலு மணிக்கு எந்திரிக்கப் போறேன். தினம் பத்து மணி நேரம் படிக்கப் போறேன்."

"அது இருக்கட்டும்டே. நீ போட்டிருக்க இந்தச் சட்டையைத் துவைக்கது யாரு?"

"அம்மாதான்."

"நாளைல இருந்து நீ துவை. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

"துணி துவைச்சா குரூப் ஃபோர் பாஸ் ஆயிருமா மாமா?"

"ஆகாது" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் வழியில் இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது.

துவையல் தவசு என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குத் தேங்காய்த் துவையல்தான் நினைவுக்கு வருகிறது. இது துணி துவைக்கும் துவையல். அய்யா வைகுண்டர் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து கொல்லம் 1014 மாசியில், அதாவது 1839இல், சாமிதோப்புக்குத் திரும்பினார். அதன்பின் தம்மை நம்பி வந்தவர்களில் எழுநூறு குடும்பங்களைக் கன்னியாகுமரிக்கு அருகே கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்கு அனுப்பினார். பிறகு முட்டப்பதியிலும் அந்தத் தவசு தொடர்ந்தது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் குடும்பம் குடும்பமாகவே போனார்கள். அங்கே அவர்கள் செய்தது என்ன? தினம் மூன்று வேளை குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒரு வேளை மட்டும் உண்டார்கள். மாமிசத்தை விட்டார்கள். அய்யாவை நினைத்து ஓதினார்கள். மறுநாளும் அதையே செய்தார்கள். இப்படி மாதக்கணக்கில்.

யார் இவர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தென் திருவிதாங்கூரில் பனையேறியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். தலைவரி கட்டியவர்கள். கூலியில்லாத ஊழியத்துக்கு எந்த நேரமும் இழுத்துச் செல்லப்பட்டவர்கள். முழங்காலுக்குக் கீழே முண்டு தாழக்கூடாது, பெண்கள் மேலாடை போடக்கூடாது, தலைப்பாகை கட்டக்கூடாது என்று உடுப்பிலேயே அடக்கி வைக்கப்பட்டவர்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் உரிமை கிடையாது. "அழுக்கர்கள்" என்று அவர்களைத் தள்ளி வைத்தவர்கள்தான், அழுக்கைக் கழுவத் தண்ணீரையும் மறுத்தார்கள். அப்படிப்பட்ட மக்களிடம் அய்யா, முதலில் கணக்குப் படி, வழக்காடக் கற்றுக்கொள் என்று சொல்லவில்லை. குளி, துணியைத் துவை, ஒன்றாக உட்கார்ந்து உண் என்றார். யாரிடமும் அனுமதி கேட்காமல், அன்றைக்கே, தன் கையாலேயே செய்யக்கூடிய வேலை அது. கடல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது.

எனக்கு இதில் பிடித்த செய்தி இன்னொன்று. துணி வெளுப்பதைத் தாழ்ந்த வேலை என்று ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்த காலம் அது. வண்ணார்பேட்டை என்ற பேரிலேயே அந்த நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாமிரபரணிக் கரையில் தலைமுறை தலைமுறையாக ஊரார் அழுக்கைச் சுமந்தவர்களின் பேட்டை. அந்த வேலையைத் தவசு என்று பேர் வைத்து எல்லோர் கையிலும் அய்யா கொடுத்தார். நம் ஊர்க்காரர்களுக்குக் காலம் பிடிபட ஒன்று சொல்கிறேன்: வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்குப் போக நாம் கடக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அந்தப் பாலம் எழும்புவதற்குச் சற்று முன்னேதான் தெற்கே கடற்கரையில் இந்தத் துவையல் நடந்திருக்கிறது.

தவசு முடித்தவர்கள் ஊர் திரும்பிப் போனபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அவர்கள் போன இடங்களில் நிழல்தாங்கல்கள் எழுந்தன. இன்றும் சாமிதோப்புக்குப் போனால் முத்திரிக் கிணற்றில் குளித்து, ஈரத்தோடு தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள் போகிறோம்.

இதற்கெல்லாம் முன்னே அய்யா தாமே ஆறு ஆண்டு தவம் இருந்தார். அதையும் ஒரே மூச்சில் இருக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். படிப்படியாக. நம் ஆட்கள் முதல் நாளே பீடத்தில் ஏறி உட்காரப் பார்க்கிறார்கள். என் மருமகனின் பத்து மணி நேரக் கணக்கு அந்த வகைதான்.

சரி, அவன் கதைக்கு வருகிறேன். நான் "ஆகாது" என்றதும் அவன் சும்மா விடவில்லை. "நான் துவைக்கேன். நீங்க புகையிலைய விடுவியளா மாமா?" என்றான். தாங்கல் வாசலில், நாலு பேர் கேட்க. இருபது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவன் நான். பணிவிடைக்கு முன் வாயைக் கொப்பளித்துக்கொண்டு உள்ளே போவேன். அது அவனுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

ஐந்து மணிக்கு எழுந்து முந்தின நாள் உடுப்பை அவன் துவைக்க வேண்டும். காலையில் முதல் வெற்றிலையைப் புகையிலை இல்லாமல் நான் போட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தங்கையிடமும் சொல்லி வைத்தேன். முதல் வாரம் அவன் துவைத்த சட்டையில் சோப்பு அப்படியே காய்ந்து கிடந்தது. "இதுக்கு நானே துவைச்சிரலாம்ண்ணே" என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். தொடாதே என்றேன். இரண்டாவது வாரம் ஒன்று நடந்தது. துவைத்து முடித்தால் மணி ஐந்தரை, கையும் காலும் ஈரம், தூக்கம் கலைந்துவிட்டது, மறுபடி படுக்க முடியவில்லை. என்ன செய்ய? புத்தகத்தை எடுத்தான். யாரும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு எழ வேண்டுமே என்று ராத்திரி செல்போனையும் தானாகவே சீக்கிரம் வைக்கத் தொடங்கினான்.

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 96 பேரை, மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் உண்பது போன்ற ஒரு சிறு செயலை 12 வாரம் தினமும் செய்யச் சொன்னார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரனுக்கு மூன்று வாரத்தில் கைகூடியது நமக்கு மூன்று மாதத்தில் கைகூடாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் கண்ட இன்னொரு செய்திதான் எனக்கு மருந்தாக இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் அதனால் பழக்கம் கெட்டுப்போவதில்லை.

ஏனென்றால் நான் தவறினேன். ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில், தாம்பூலத் தட்டு எதிரே இருக்க, பழைய கூட்டாளிகள் சுற்றி இருக்க, போட்டுவிட்டேன். போட்டபின், "விரதம் கெட்டது கெட்டதுதானே" என்று அடுத்த நான்கு நாளும் போட்டேன். ஒரு நாள் தவறியதைவிட அந்த நான்கு நாள்தான் பெரிய தவறு. ஐந்தாம் நாள் மருமகன் வந்து என் வாயைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். தனியாக இருந்திருந்தால் எண்ணியிருக்க மாட்டேன். எழுநூறு குடும்பங்களை அய்யா ஏன் பந்தியாக அனுப்பினார் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. பக்கத்தில் ஒருவர் குளித்து எழுந்து வரும்போது நாம் மட்டும் படுத்துக் கிடக்க முடியாது.

பிறகு வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை ஏறி வண்ணார்பேட்டைக்குள்ளும் ஜங்ஷனுக்குள்ளும் வந்தது. தங்கை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவன் நான்கு மாதமாக எழுதி வைத்த குறிப்பு நோட்டுகள், பள்ளிப் பாடப் புத்தகங்கள் எல்லாம் சேறாகக் கிடந்தன. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. குடிக்கத் தண்ணீருக்கே லாரி முன் நிற்கும்போது யார் துணி துவைப்பார்? எல்லாம் நின்றது. தை பிறந்தும் அவன் எழவில்லை. "இனிமே முடியாது மாமா, எல்லாம் போச்சு" என்றான்.

நான் அறிவுரை சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை. சேறு படிந்த பாய், போர்வை, சேலை என்று தங்கை வீட்டு முற்றத்தில் ஒரு குவியல் கிடந்தது. ஒரு காலையில் போய் ஒரு போர்வையை எடுத்து அலசத் தொடங்கினேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. நனைந்த போர்வையை ஒரு ஆள் பிழிய முடியாது என்பது துவைத்தவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறு முனையைப் பிடிக்க வந்தான். அந்தக் குவியல் தீர ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் அவன் சட்டை கொடியில் கிடந்தது.

2024 ஜூன் 9ஆம் தேதி தேர்வு எழுதினான். முந்தியதைவிட மதிப்பெண் நன்றாகக் கூடியது. வேலைக்குப் போதவில்லை. அன்று ராத்திரி தங்கை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் சத்தம் கேட்டதாகத் தங்கை எனக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அழுகை இருந்தது, ஆனால் அது வேறு அழுகை. 2025 ஜூலை 12ஆம் தேதி மறுபடி எழுதினான். இந்த மடலை எழுதியபோது முடிவு வந்திருக்கவில்லை.

புகையிலை என் வாயில் பட்டு பதினான்கு மாதம் ஆகிறது. வெற்றிலை இன்னும் போடுகிறேன். அது அடுத்த படி.

இந்த ஆவணியிலிருந்து நம் தாங்கலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேரும், தினமும் தன் கையால் செய்யப்போகும் ஒரே ஒரு சிறு காரியமும் அதில் எழுதினால் போதும். தவணை, கார்த்திகையில் திருஏடு வாசிப்பு தொடங்கும் நாள் வரைக்கும். ஏறக்குறைய தொண்ணூறு நாள். பெரிய காரியங்களை எழுத வேண்டாம். "கோபப்பட மாட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கையால் செய்ய முடியாது என்று சொல்லி, கோபம் வந்தால் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பது என்று மாற்றி எழுத வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் உச்சிப்படிப்புக்குப் பிறகு அவரவர் பேர் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி குறிக்க வேண்டும். தவறிய நாளை மறைக்க வேண்டாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு என் மருமகன் எழுதிக்கொடுப்பான்.

இதுவரை பதினொரு பேர் இருக்கிறார்கள். ஏழாவது பேர் ஒரு வீட்டுக்காரருடையது. அவர் மனைவிதான் மாதக்கணக்காக அவருக்காக வேண்டிக்கொண்டு நின்றவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து குளிப்பது என்று எழுதியிருக்கிறார். குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. போன வாரம் ஏழில் நான்கு நாளைக்குக் கோடு போட்டிருந்தார்.

அய்யா உண்டு.