இல்லத்தே ஒலிப்பதிவு செய்வார்க்குச் சிறுபொருளில் ஒரு நற்கித்தார்

கேட்டற்கினிய கருவி வேறு, பதிதற்கினிய கருவி வேறு என்பதனைப் பலரும் பொருள் செலவிட்ட பின்னரே உணர்கின்றனர். சென்ற கோடை விடுமுறைக்குப் பின்னர் நம் மாணாக்கருள் ஒருவர் கித்தார் ஒன்றனைச் சுமந்துகொண்டு எம் அறைக்கு வந்தார். கரிய மெருகு பூசப்பெற்று, பக்கத்தே நான்கு திருகுகளும் ஒரு சிறு விளக்கும் பொருந்திய அக்கருவி காட்சிக்கு மிக்க அழகுடையதாயிருந்தது. விலை 9,000 ரூபாய். ஈராண்டுக் காலம் சிறுவர்க்குக் கணிதம் கற்பித்து அவர் சேர்த்த பொருள் அது. அவர்தம் அன்னையார் வயலிலும் தொட்டிலருகும் பாடிவரும் பாடல்கள் இருபதின் மேற்பட்டன. அன்னையார் குரல் தளருமுன் அவற்றைக் கித்தாரின் துணையோடு வீட்டிலேயே பதிந்து வைத்தல் வேண்டுமென்பது அவரது வேட்கை.

கருவியினின்று கம்பி வழியாக ஒலியை எடுத்தபோது தகரத்தைத் தட்டினாற்போன்ற ஓசையே வந்ததாம். கைப்பேசியை ஒலித்துளைக்கு நேரே வைத்துப் பதிந்தபோதோ, அன்னையார் குரலை அமிழ்த்திவிடும் ஒரு முழக்கம் எழுந்ததாம். "குறை கருவியினதா, என் கையினதா, ஐயா?" என்று அவர் வினவினார். அவருக்கு யாம் கூறியவற்றைப் பிறர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

கித்தாரின் உயிர் அதன் மேற்பலகையிலுள்ளது. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாக அப்பலகைக்குச் சென்று, பலகை காற்றை அசைத்தலினாலேயே நாம் ஒலியைக் கேட்கின்றோம். ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவிற் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்பார் (1817–1892) இதனைக் கண்கூடாக்க ஒரு வேடிக்கை செய்தார். 1862-ஆம் ஆண்டில், மேற்பலகையை மாத்திரம் நன்மரத்தாலமைத்து, பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையினாற் செய்து ஒரு கித்தாரை உருவாக்கினார். அக்கருவி இன்றும் பார்சிலோனா நகரத்து இசைக் காட்சிச்சாலையில் உள்ளது. பொருள் குறைந்தவர்க்கு அவர் விட்டுச்சென்ற பாடம் இதுவேயெனக் கொள்ளலாம்: கையிலுள்ள காசை மேற்பலகைக்குச் செலவிடுக, பின்புறம் எம்மரமாயினும் ஆகுக.

மலிந்த கித்தார்களின் மேற்பலகை பெரும்பாலும் மெல்லிய ஏடுகளைப் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகையேயாம். அது விறைப்புடையது, மெல்ல மீட்டுங்கால் எளிதில் அசையாது. ஸ்புரூஸ் மரத்தின் ஒரே துண்டை அறுத்தமைத்த பலகையோ, மெல்லிய தொடுகைக்கும் விடையிறுக்கும். தாலாட்டுக்குத் துணையாக மீட்டுவோர்க்கு இவ்வேற்றுமை பெரிது. விற்போர் 'ஸ்புரூஸ் மேற்பலகை' என்று மட்டும் எழுதியிருப்பின் அஃது ஒட்டுப்பலகையாயிருத்தல் கூடும். 'சாலிட்' என்னும் சொல் உளதாவென நோக்குதல் வேண்டும். அச்சொல்லையும் நம்பாதார் ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்குக. மேலே காணும் மரவரிகள் விளிம்பின் வழியே கீழிறங்கித் தொடருமாயின் முழுமரம். அடுக்கடுக்காய்த் தோன்றின் ஒட்டு. விளிம்பில் மை பூசி மறைத்திருப்பின், ஏன் மறைத்தார் என்று ஐயுறுக.

ஒட்டுப்பலகைக்கும் ஒரு நற்குணம் உண்டென்பதனை மறைத்தல் நேர்மையன்று. காற்றின் ஈரம் ஏறியிறங்குங்கால் அது முழுமரத்தைப்போல் எளிதிற் பிளப்பதில்லை. முழுமரக் கருவிக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதமே ஏற்றது. ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் அதனைச் சுவரில் தொங்கவிடாது பெட்டியுள் வைத்துக் காத்தல் வேண்டும். அப்பொறுமை இல்லாதார் ஒட்டுப்பலகையையே வாங்குக; யாம் குறை கூறோம்.

இனி, கருவியின் அளவு. கடைகளில் மிகுதியும் காணப்படுவது 'டிரெட்நாட்' எனப்படும் பெரிய உடல். 1906-இல் கடலில் இறங்கிய ஆங்கிலப் போர்க்கப்பலின் பெயரை அதற்கு இட்டனர். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தார் 1916-இல் இவ்வடிவை முதலிற் செய்தளித்தது பாஸ்டன் நகரத்து ஆலிவர் டிட்சன் என்னும் இசைக்கடைக்காகவேயாம். பலர் நடுவே உரத்துப் பாடுவார்க்கு இது தக்கது. ஆயின் ஒலிவாங்கியின் முன்னர் அதன் கீழ்ச்சுரங்கள் பெருகிக் குரலின்மேற் படர்கின்றன. இடை ஒடுங்கிய சிற்றுடல் கித்தாரில் மேலும் கீழும் ஒத்து நிற்கும். தனியறையில் ஒரு குரலோடு பதிவார்க்கு அதனையே யாம் பரிந்துரைப்போம். யமஹாவின் எஃப்.ஜி. 800, எஃப்.எஸ். 800 என்னும் இரண்டும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டிற்கும் மேற்பலகை முழு ஸ்புரூஸ், பின்புறம் ஒட்டு. முன்னது பேருடல், பின்னது சிற்றுடல். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டிக் கேட்பார்க்கு யாம் கூறியது விளங்கும். இந்நாளில் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் இவ்வகைக் கருவிகள் பல நிறுவனத்தாரிடமிருந்தும் கிடைக்கின்றன.

பக்கத்தே திருகுகள் பொருந்திய கருவியைப் பற்றி ஒரு சொல். அதனுள்ளிருப்பது குதிரையின்மேல் தந்திகள் தங்கும் சிறுகட்டையின் அடியில் வைத்த உணரியாகும். அது தந்தியின் அழுத்தத்தையே பெரிதும் பற்றுகின்றது. பலகையும் உட்காற்றும் சேர்ந்து தரும் நிறைவை அறியாது. நம் மாணாக்கர் கேட்ட தகர ஓசை அதுவே. மேடையில் அது பயன்படும்; வீட்டில் அதற்காகக் கொடுத்த பணம் மேற்பலகையினின்று திருடப்பட்ட பணம்.

கடையிற் சோதிக்க வேண்டியவை சில. வீணையிலுள்ளவாறே கித்தாரிலும் மெட்டுக்கள் உள. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை அழுத்தாது தொட்டு மீட்டி, பின்னர் அங்கேயே அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுருதியாயிருத்தல் வேண்டும். மாறுபடின் எத்துணை முறை சுருதி சேர்த்தும் பயனில்லை. கூட்டத்தில் மறையும் இப்பிழை, பதிவில் ஒவ்வொரு முறை கேட்குங்காலும் காதைக் குத்தும். அவ்விடத்தே தடித்த தந்திக்கும் மெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டரளவில் இருத்தல் நலம். ஒவ்வொரு மெட்டாக அழுத்திச் சலசலப்பு உண்டாவென்றும் கேட்க. பழைய கருவியாயின் குதிரையின் பின்விளிம்பு பலகையினின்று எழும்பியுள்ளதா, பலகை மிகப் புடைத்துள்ளதா என நோக்குக. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையோடு அதனை இடைவிடாது இழுக்கின்றன என்பதனை மறவற்க. மெருகின் கீறல்களைப் பொருட்படுத்தற்க. அவை விலையைக் குறைத்துத் தரும் நண்பர்கள்.

முழக்கத்தின் காரணமும் எளிது. குடத்தின் வாயில் ஊதினால் ஒரு சுரம் பிறக்குமன்றோ? கித்தாரின் உட்காற்றுக்கும் அத்தகைய சுரம் ஒன்றுண்டு. அது பேருடல் கருவியில் நொடிக்கு 100 அதிர்வையொட்டி நிற்கும். ஐந்தாம் தந்தியின் அதிர்வு 110. ஆகவே அதனை மீட்டும்போதெல்லாம் துளையின் வழியே காற்று பொங்குகின்றது. ஒலிவாங்கியைத் துளைக்கு நேரே வையாமல், கழுத்து உடலோடு கூடுமிடத்தை நோக்கி ஓரடித் தொலைவில் வைத்தால் முழக்கம் பெரிதும் அடங்கும். வெறுஞ்சுவர் எதிரொலிக்குமாதலின் மெத்தையையோ துணிகள் நிறைந்த அலமாரியையோ அருகிற்கொள்க. மின்விசிறியை நிறுத்துக.

பொறிகள் எளியனவாயினும் பதிவு நிலைபெறும் என்பதற்கு ஒன்று கூறுவாம். 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் அமெரிக்கப் பாடகர், நியூ ஜெர்சியில் தம் வீட்டில், நான்கு தடமுள்ள ஒரு கேசட் பொறியும் இரண்டு ஒலிவாங்கிகளும் கொண்டு, தம் குழுவினர்க்கு மாதிரியாகச் சில பாடல்களைப் பதிந்தார். குழுவோடு மீண்டும் பாடியும் அம்மாதிரியின் தன்மை வாராமையின், அதனையே 'நெப்ராஸ்கா' என்னும் பெயரால் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர்.

நிற்க. நம் மாணாக்கர் கரிய கருவியை 5,000 ரூபாய்க்கு விற்றார். அதனோடு மேலும் 6,000 சேர்த்து, விளிம்பில் ஆழ்ந்த கீறலுடைய முழுமரப் பலகைச் சிற்றுடல் கித்தார் ஒன்றனைப் பழையதாக வாங்கினார். வாங்குமுன் எம்மையும் உடனழைத்துச் சென்றார். கீறலைக் காட்டி 800 ரூபாய் குறைத்தவர் யாமே. ஆயுத பூசை விடுமுறையில் விடியற்காலை ஐந்து மணிக்கு, தெரு விழிக்குமுன், அன்னையாரைப் பாயில் அமர்த்தி ஏழு பாடல்களைப் பதிந்து கொணர்ந்தார். மூன்றாம் பாடலின் நடுவே ஒரு காகம் கரைகின்றது. அதனை நீக்கிவிடலாமே என்றோம். அன்னையார் அவ்விடத்தே சிரித்துவிட்டார் என்றும், ஆதலின் நீக்க மனமில்லையென்றும் அவர் கூறினார். இன்னும் பதின்மூன்றின் மேற்பட்ட பாடல்கள் எஞ்சியுள்ளன. பொங்கல் விடுமுறைக்கு நாள் குறித்திருக்கின்றார்.